மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குத் தயாராவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

என் முதல் நேர்காணலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தலைப்பு, "நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன்". கண்ணாடி முன்னால் நின்று இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் எதிரே இருந்த அம்மா கேட்டார்: "நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியென்றால் நர்ஸாகலாமே, ஏன் டாக்டர்?"

எனக்கு வெலவெலத்துவிட்டது. நாலைந்து நொடி விழித்துவிட்டு, கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒன்றரைப் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். பாதியில் அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். இடம் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு கிடைத்தது. அதற்குப் பிறகு பல தம்பி தங்கைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் நான் செய்த அதே தப்பைத்தான் செய்கிறார்கள்: விடையைத் தயார் செய்கிறார்கள், கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்பதற்குத் தயாராவதில்லை. கீழே இருப்பது நான் அவர்களோடு உட்கார்ந்து செய்கிற வேலை, கிட்டத்தட்ட அதே வரிசையில். நாலு முதல் ஆறு வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

படி 1: எந்த மாதிரி நேர்காணல் என்று முதலில் பாருங்கள்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மதிப்பெண் உங்களை வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். பெரும்பாலான இடங்களில் நேர்காணலையும் தாண்ட வேண்டும். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரி நடக்காது.

ஒருவரோ இருவர் மூவரோ எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவது பழைய முறை. இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அவர்கள் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருகிறார்களா, இல்லையா? படிக்காமல் வருபவரிடம் "என் கட்டுரையில் சொன்னதுபோல" என்று ஆரம்பித்தால் அவருக்கு ஒன்றும் புரியாது.

இன்னொன்று மல்டிபிள் மினி இன்டர்வியூ, சுருக்கமாக எம்எம்ஐ. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவானது. வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம், பெல் அடித்ததும் உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடம்வரை பேச்சு, மறுபடி பெல், அடுத்த அறை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1975-இல் மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்த செய்முறைத் தேர்வின் பாணியிலிருந்து எடுத்த யோசனை இது. (அந்தத் தேர்வு இன்னும் இருக்கிறது. இடம் கிடைத்தபின் அந்த பெல் உங்களைப் படிப்பு முடியும்வரை துரத்தும்.)

எம்எம்ஐயில் ஒரு பெரிய வசதி உண்டு. அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் முந்தைய அறையில் சொதப்பியது தெரியாது. அந்த முறையைக் கொண்டுவந்ததன் நோக்கமே அதுதான்: ஒருவருடைய முதல் அபிப்பிராயம் முழு முடிவையும் தீர்மானித்துவிடக் கூடாது.

படி 2: உங்கள் விண்ணப்பத்தை ஆகாதவர் கண்ணால் படியுங்கள்

ஒரு பிரதி எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "அப்படியா? எப்படி?" என்று ஒரு கேள்வி எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன் என்று எழுதியிருந்தால், அந்த ஆய்வு எதைப் பற்றியது என்று அறிவியல் படிக்காத ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் உங்களுக்கே அது சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் போய்ப் படியுங்கள்.

ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருக்கிறதா? கண்டிப்பாகக் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், அதற்கு என்ன செய்தீர்கள் என்று இரண்டு வாக்கியம். வாத்தியார் சரியில்லை என்பதெல்லாம் வேண்டாம்.

படி 3: ஏழெட்டுச் சம்பவங்களைச் சேர்த்து வையுங்கள்

நூறு கேள்விக்கு நூறு விடை தயார் செய்வது வீண்வேலை. உங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஏழெட்டுச் சம்பவங்கள் போதும். ஒன்றில் நீங்கள் தோற்றிருக்க வேண்டும், ஒன்றில் யாருடனாவது சண்டை வந்திருக்க வேண்டும், ஒன்றில் உங்கள் எண்ணம் மாறியிருக்க வேண்டும். எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் பையில் கைவிட்டு ஏதாவது ஒன்றை எடுக்கலாம்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்தவள். முதல் நாள் அவள் சொன்னது இது: "அங்கே நான் பொறுமையையும் இரக்கத்தையும் கற்றுக்கொண்டேன்." இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அங்கே போகாதவர்கூட. "சரி, யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: ஒரு பாட்டி மூன்று நாளாக யார் கேட்டாலும் பதில் சொல்லவில்லை. மறதி முற்றிவிட்டது என்று இவளும் நினைத்தாள். நாலாம் நாள் தலை சீவிவிடும்போது பாட்டியின் காது மெஷினைக் கழற்றிப் பார்த்தால், பேட்டரி தீர்ந்திருக்கிறது. புதியது போட்டதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "ஏன் எல்லோரும் வாயை மட்டும் அசைக்கிறீர்கள்?"

இதைச் சொன்னபின் பொறுமை, இரக்கம் என்ற சொற்களே தேவைப்படவில்லை. "எனக்கும் மூன்று நாளாகத் தோன்றவில்லை" என்று அவள் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சம்பவத்தில் உங்கள் தவறும் கொஞ்சம் இருக்கட்டும். எல்லாக் கதையிலும் நீங்களே நாயகன் என்றால் கேட்பவருக்கு அலுத்துவிடும்.

ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு சின்ன அட்டையில் நாலு சொற்களாக மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

படி 4: "ஏன் மருத்துவம்?"

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த ஆசை எங்கிருந்து வந்தது? அதைச் சோதித்துப் பார்க்க என்ன செய்தீர்கள்? இந்த வேலையின் கஷ்டம் தெரிந்துதான் வருகிறீர்களா? பலர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்: தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அன்றே முடிவு செய்தேன். தாத்தா கதை தப்பில்லை, உண்மையென்றால் சொல்லுங்கள். ஆனால் பத்து வயதில் வந்த ஆசை பதினெட்டு வயதிலும் ஏன் இருக்கிறது என்பதற்கு இரவு டியூட்டி பார்த்த ஒரு டாக்டரோடு பேசியதோ, வார்டில் நின்று பார்த்ததோ சாட்சியாக வேண்டும்.

அந்த நர்ஸ் கேள்விக்கு வருவோம். அதில் ஒரு பொறி இருக்கிறது. நர்ஸ் வேலை டாக்டர் வேலையைவிடக் கீழே என்ற தொனி துளி வந்தாலும் போச்சு. அது வேறு வேலை, அவ்வளவுதான். என்ன நோய் என்று பிரித்தறிவதும், தெளிவில்லாத நிலையில் சிகிச்சையை முடிவுசெய்து அதற்குப் பொறுப்பேற்பதும் உங்களை இழுக்கிறதென்றால் அதைச் சொல்லுங்கள். நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பது நர்ஸ்தான் என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அறம் சார்ந்த கேள்விகள்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நாலு கோட்பாடுகள் தெரிந்தால் கையில் பிடிமானம் இருக்கும்: தன் உடம்பைப் பற்றி நோயாளியே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், எல்லோருக்கும் நியாயம். இவை வெறும் ஏட்டுச் சொற்கள் இல்லை. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், அதைக் குணமாக்கும் பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் சம்மதம் என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது இதைப் படித்தால் புரியும்.

ஆனால் நாலு பெயரையும் வரிசையாக ஒப்பித்தால் மதிப்பெண் வராது. ஓர் எடுத்துக்காட்டு. கதவில் இப்படி ஒட்டியிருக்கிறது: "விபத்தில் நிறைய ரத்தம் இழந்த ஒருவர், மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்ற மறுக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

உடனே "அவர் உரிமையை மதிப்பேன்" என்றோ "உயிர்தான் முக்கியம், ஏற்றிவிடுவேன்" என்றோ குதிக்காதீர்கள். முதலில் உங்களுக்குத் தெரியாதது என்னென்ன என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு என்ன வயது? நினைவு தெளிவாக இருக்கிறதா? மறுத்தால் இறக்கக்கூடும் என்று அவருக்கு விளங்கியிருக்கிறதா? சொல்வது அவரா, பக்கத்தில் நிற்கும் உறவினரா? உறவினரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேச முடியுமா? ரத்தம் ஏற்றாமல் செய்யக்கூடியது என்ன இருக்கிறது? மூத்த டாக்டரை அழைத்தாயிற்றா? இதையெல்லாம் பார்த்தபின்னும் தெளிந்த புத்தியோடு ஒரு வயதுவந்தவர் வேண்டாம் என்றால், மனம் கனத்தாலும் அவர் சொல்லை மீற முடியாது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். நழுவுவதைவிட அது நல்லது.

இப்போதுதான் விஷயமே ஆரம்பிக்கும். எதிரே இருப்பவர் மெதுவாகக் கேட்பார்: "அவருக்கு வயது 6 என்று வைத்துக்கொள்வோம். மறுப்பது பெற்றோர்." இங்கே முன்பு சொன்னதையே பிடித்துத் தொங்கினால் நீங்கள் யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். குழந்தை தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்தெடுத்ததில்லை. அதன் நலனுக்காகப் பெற்றோரின் மறுப்பைக் கடந்து நீதிமன்றத்தை நாடும் வழி பல நாடுகளில் உண்டு, அவசரமென்றால் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதலில். "முன்பு சொன்னதிலிருந்து இங்கே மாறுகிறேன், காரணம் இது" என்று தாராளமாகச் சொல்லலாம்.

படி 6: நடிப்பு அறைகள்

சில அறைகளில் ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார். அழுவார், அல்லது உங்கள்மேல் கோபப்படுவார். ஆறுதல் சொல்லும் அவசரத்தில் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி ஒரு யுகம்போல இருக்கும், பரவாயில்லை. பெரும்பாலும் நாலாவது நொடியில் அவரே உண்மையான பிரச்சினையைச் சொல்லிவிடுவார்.

வேறு சில அறைகளில் உங்களிடம் ஒரு படம் இருக்கும். அதைக் காட்டாமல், வாயால் மட்டும் சொல்லி எதிரே இருப்பவரை வரையவைக்க வேண்டும். "முதலில் தாளின் நடுவில் ஒரு வட்டம், உள்ளங்கை அளவு. ஆயிற்றா?" அந்த "ஆயிற்றா?"தான் அங்கே பாதி மதிப்பு. வீட்டில் யாரையாவது பிடித்து இரண்டு முறை விளையாடிப் பாருங்கள்.

படி 7: பொதுவிஷயம்

செய்தித்தாள் முழுவதும் மேய வேண்டாம். மூன்று தலைப்புகளை ஆழமாகப் படித்தால் போதும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் ஒன்று. 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-இல் தன் நோபல் உரையிலேயே, மருந்தை அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு ஒன்று. மூன்றாவதை உங்களுக்குப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள், தானாகப் பேச்சு வரும்.

படி 8: சத்தமாகப் பேசிப் பழகுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மனத்துக்குள் பேசிப் பார்ப்பது கணக்கில் சேராது. போனில் பதிவு போட்டு, இரண்டு நிமிட டைமர் வைத்து, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். முதல் முறை கேட்பது கொடுமையாக இருக்கும். என் முதல் பதிவில் இரண்டு நிமிடத்தில் பதினோரு "அதாவது" இருந்தது. எண்ணிய பிறகு தானாகக் குறைந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து மனிதர்களோடு. அம்மாவும் உயிர்த்தோழனும் இதற்கு ஆகமாட்டார்கள், நீங்கள் சொல்ல வந்ததை அவர்களே நிரப்பிப் புரிந்துகொள்வார்கள். அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெரியவர், வேறு துறை ஆசிரியர், தெரிந்தவரின் தெரிந்தவர், இப்படி யாராவது கிடைத்தால் நல்லது. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்கிற எந்தப் பதிலிலிருந்தாவது இன்னொரு கேள்வி கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நீங்கள் பயிற்சி எடுக்கிறீர்கள்.

படி 9: அன்றைய நாள்

ஆன்லைன் என்றால் கேமராவைக் கண் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி ஏற்றுங்கள், முகத்துக்கு எதிரே வெளிச்சம் இருக்கட்டும். நேரில் என்றால் புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் அன்றைக்கு வேண்டாம். வாசலில் பெயர் எழுதிக்கொள்பவரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். உள்ளே இருப்பவர்கள் அவரிடம் விசாரிப்பதும் உண்டு.

கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே யோசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஓர் அறை கெட்டுப்போனால் கதவை மூடும்போதே அதை உள்ளே விட்டுவிட்டு வாருங்கள்.

அன்று இரவே, தூங்குவதற்கு முன், எங்கே திணறினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எம்எம்ஐ கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்குகிற கல்லூரிகள் உண்டு, அதனால் கேள்வியை எழுத வேண்டாம், திணறலை மட்டும் எழுதுங்கள். இன்னொரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.