மழைக்காலக் காய்ச்சலும் ஒரு கறுப்புப் பொருக்கும்

ஐப்பசி மழை விழுந்து, சீமைக்கருவேலங்காட்டடியில் புல் தலைகாட்டியதும் ராமநாதபுரம் கரையோரத்தில் காய்ச்சல் பேச்சு தொடங்கிவிடும். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் நினைவுக்கு வரும். ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சல் மட்டும் நினைவுக்கு வராது. ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்பது பெரும்பாலும் இதைத்தான்.

"உண்ணி எதுவும் கடிக்கலையே" என்று அதை ஒதுக்கிவிடுவது முதல் தவறு. இதைப் பரப்புவது நாய் மேல் இருக்கும் உண்ணி இல்லை. புதர், புல்லில் வாழும் ஒரு நுண்பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கடித்தாலும் தெரியாது. கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போனவர், ஆடு மேய்த்தவர், காட்டுப்பக்கம் ஒதுங்கியவர் என யாருக்கும் வரலாம். காய்ச்சல் 6 முதல் 21 நாள் கழித்துத்தான் வரும் என்பதால் நேற்று எங்கே போனோம் என்று யோசித்துப் பயனில்லை. இரண்டு மூன்று வாரக் கதையை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, டாக்டரிடம் கையை மட்டும் நீட்டிவிட்டு, உடம்பைக் காட்டாமல் வந்துவிடுவது. என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம் இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடாவோ அரைஞாணோ படும் இடுப்பு என்று அது ஒளிந்திருக்கும் இடமெல்லாம் துணிக்குள்ளேதான். கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடமாவது காட்டலாம். பொருக்கு எல்லோருக்கும் வராது என்பதால், இல்லையென்றாலும் ரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தால் டெங்குதான் என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. இதிலும் அது குறையும். வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டும் டாக்டர் எழுதித் தர வேண்டியவை, மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, எனவே வீட்டில் யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.

நாய் உண்ணி பரப்பும் டைபஸ் வேறு. உடம்பில் ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ சுட்டோ எடுக்காதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் போதும்.

அப்புறம் எலி. வலையும் கருவாடும் போட்டு வைக்கிற கொட்டகையில் எடுத்த எடுப்பில் எலி மருந்து வைப்பார்கள். எலி செத்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடும். இன்னொரு வகை டைபஸைப் பரப்புவது அதுதான். வளையோரம் பூச்சிமருந்துத் தூள் தூவிவிட்டு எலியைப் பிடியுங்கள், செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள்.