படத்தில் ஒளித்த செய்தி அழியாமல் போய்ச் சேர

ஓப்பன்ஸ்டெகோ மாதிரியான மென்பொருளில் ஒரு படத்துக்குள் ரகசியச் செய்தியை ஒளித்து வைத்தீர்களா? அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். பிஎன்ஜி (எதையும் இழக்காமல் படத்தைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாகவே வைத்து, 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். கணினி அந்த எண்ணை 0, 1 என்ற பிட்களாக எழுதி வைக்கும். செய்தி ஒளிவது அதன் கடைசி பிட்டில்தான்; 200 என்பது 201 ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக்காக (நுண்ணிய விவரங்களைக் கழித்துக் கோப்பைச் சிறிதாக்கும் வடிவம்) சுருக்கிவிடும். அப்போது முதலில் சிதைவதே அந்தக் கடைசி பிட்தான். படம் பளிச்சென்று போய்ச் சேரும், உள்ளே சரக்கு இருக்காது. டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புள்ளிக்கு மூன்று பிட் வீதம், ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி உள்ள படத்தில் சுமார் 375 கிலோபைட் (8 பிட் ஒரு பைட்) அடங்கும். தமிழில் 'தி' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் ஆகும், அப்படியும் தாராளம்.

ஃபேஸ்புக்கில் ஏற்றுவதற்கோ புரொஃபைல் படமாக வைப்பதற்கோ இந்த வழி உதவாது; அங்கே எப்படியும் சுருக்கிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேலைக்கு ஆகாது. அப்புறம், இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுக்காதீர்கள், அசலோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.