பெட்ரோல் கணக்கோடு நிலத்தின் கணக்கையும் எழுதுவது எப்படி

ஆறு வருடமாக எங்கள் வீட்டின் கரியமில வாயுக் கணக்கை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். முதல் இரண்டு வருடம் அதில் மின்சாரம், பெட்ரோல், சமையல் எரிவாயு மூன்றுதான் இருந்தன. மூன்றாம் வருடம் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று கொல்லையில் நின்ற பெரிய மரத்தை வெட்டினோம். அந்த வருடக் கணக்கில் மரம் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. 2019இல் உலகம் வெளியிட்ட, பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 22 சதவீதம் விவசாயம், காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டிலிருந்து வந்ததாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. அவ்வளவு பெரிய பங்கை விட்டுவிட்டு எழுதுவது கணக்கே இல்லை. அன்றிலிருந்து நிலத்துக்கும் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

முதலில் சுலபமான பக்கத்தை முடித்துவிடுங்கள். பன்னிரண்டு மாத ரசீதுகளை எடுத்து வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, சிலிண்டர் எரிவாயு கிலோவுக்கு 3 கிலோ என்று பெருக்குங்கள். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எப்படி 2.3 கிலோ வாயுவாகும் என்று என் மகள் கேட்டாள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது, மிச்ச எடை அதனுடையது. மின்சாரம் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்தால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. மற்றபடி உங்கள் நாட்டு மின்துறை வெளியிடும் சராசரியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏசிக்கு கேஸ் அடித்திருந்தால் அதை மறக்கவே கூடாது. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். வருடா வருடம் கேஸ் அடிப்பதைவிடக் கசிவை அடைப்பதுதான் சரியான வேலை.

அடுத்தது மரம். எனக்கு மிகவும் பிடித்த பக்கமும் இதுதான், மனதை உறுத்தும் பக்கமும் இதுதான்.

தையல் டேப் ஒன்று போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், அடிமரத்தைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். உயரத்துக்கு ஒரு குச்சி. கையை நீட்டினால் கண்ணிலிருந்து முஷ்டிவரை எவ்வளவு தூரமோ, அதே நீளத்துக்குக் குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்தபடி, மரத்தின் அடியும் நுனியும் குச்சியின் இரு முனைகளோடு பொருந்தும்வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரத்துக்கு எத்தனை மீட்டரோ, அதுதான் மரத்தின் உயரம்.

வெட்டிய மரத்தோடு சேர்த்து நட்ட ஜோடி மரம் வேலியோரம் நிற்கிறது. அதை அளந்தேன். சுற்றளவு 94 செ.மீ., விட்டம் 30 செ.மீ., உயரம் 12 மீட்டர். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, மரத்தின் அடர்த்தியாலும் (நடுத்தர மரத்துக்கு 0.6) கடைசியாக 0.05ஆலும் பெருக்க வேண்டும். வெப்பமண்டல மரங்களுக்கு ஓரளவு பொருந்தும் தோராயம் இது. எனக்கு 324 கிலோ உலர்ந்த மரம் என்று வந்தது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன். கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவானால் எடை 3.67 மடங்காகும், அதனால் அதை 3.67ஆல் பெருக்கினால் சுமார் 560 கிலோ கரியமில வாயு. வேரைச் சேர்க்கவில்லை. வெட்டிய மரமும் ஏறக்குறைய இதே பருமன்தான், அது முழுக்க விறகாகப் போனது. கதவாகவோ மேசையாகவோ ஆகியிருந்தால் அந்தக் கார்பன் இன்னும் பல வருடம் வீட்டிலேயே இருந்திருக்கும். 560 கிலோ என்பது 240 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்.

அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டோம். ஒரு வருடம் கழித்து அவற்றையும் அளந்தேன். கட்டைவிரல் தடிமன், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒன்றுக்கு அரைக் கிலோ மரம்கூடத் தேறவில்லை. பத்தும் சேர்ந்து பிடித்து வைத்த கரியமில வாயு 7 கிலோவைத் தொடவில்லை. கன்று நடுங்கள், கட்டாயம் நடுங்கள். ஆனால் நிற்கிற மரத்தை வெட்டுவதற்கு அதைச் சாக்காக வைக்காதீர்கள்.

மரத்துக்கு அடியில் மண் இருக்கிறது. உலகத்து மண்ணில் உள்ள கார்பன், காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். வீட்டில் மண்ணை அளப்பது கடினம், அதனால் இங்கே எண் எழுத வேண்டாம், செய்ததை எழுதுங்கள். இலைச்சருகை எரிக்காமல் மூடாக்காகப் போட்டோமா? எவ்வளவு தரையை சிமெண்ட் போட்டு மூடினோம்? (50 கிலோ மூட்டை சிமெண்ட் தயாராவதற்குள் ஏறத்தாழ 30 கிலோ கரியமில வாயு வெளியேறிவிடுகிறது.) யூரியா போட்டோமா? அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும்.

தொட்டிச் செடிக்கு மண் கலவை வாங்கினால் மூட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'பீட்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். பல்லாயிரம் வருடமாகச் சதுப்பில் மக்காமல் படிந்த தாவரக் கழிவு அது. இத்தகைய சதுப்புகள் உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது. தண்ணீரை வடித்துத் தோண்டியதும் அது காற்றுப்பட்டு வாயுவாகக் கிளம்பத் தொடங்கும். கோகோபீட் என்று விற்பது வேறு, அது தேங்காய் நார்த்தூள். பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. தட்டில் இருப்பதற்குப் பின்னாலும் நிலம் இருக்கிறது. மாடு எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்து, மாட்டிறைச்சி கிலோவுக்கு உலகச் சராசரியாக 30 முதல் 100 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமம் என்று எழுதலாம். பாலாடைக்கட்டிக்கு 20க்கு மேல், கோழிக்கு 10, அரிசிக்கு 4, பட்டாணிக்கு 1. எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன பொருள் என்பதுதான் பெரிய விஷயம். உணவால் வரும் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் அளவுதான். விமானத்தில் வரும் பழங்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள்.

ஒரு வாரம், குப்பையில் போடும் உணவைத் தராசில் வைத்து எழுதிப் பாருங்கள். 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. எங்கள் வீட்டில் முதல் வாரம் மூன்றரைக் கிலோ வந்தது, பாதிக்கு மேல் மிஞ்சிய சோறு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி குறைத்தோம், அவ்வளவுதான். மிஞ்சியதை மட்கு உரமாக்கினால் வாரம் ஒருமுறை கிளறி, காய்ந்த சருகு சேருங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை, மீத்தேனும் உண்டாகிக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். எடைக்கு எடை கரியமில வாயுவைவிட மீத்தேன் நூறு வருடக் கணக்கில் சுமார் 28 மடங்கு, இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு சூடேற்றும்.

மரத்தை வருடம் ஒருமுறை அதே மாதத்தில் அளங்கள். 1.3 மீட்டரில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்தால் டேப் இடம் மாறாது. வேலியோர மரம் ஒரே வருடத்தில் 94லிருந்து 97 செ.மீ. ஆனது. உயரம் அப்படியே என்று வைத்துக்கொண்டாலும் அது சுமார் 20 கிலோ மரம், 35 கிலோ கரியமில வாயு, 15 லிட்டர் பெட்ரோல். பெட்ரோல் பக்கத்தில் அந்த வருடம் 310 லிட்டர் என்று எழுதியிருக்கிறேன்.