பம்பரம் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்கு, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு பம்பரம் வாங்கிக் கொடுத்தேன். பத்து முறை வீசினான். பத்து முறையும் பக்கவாட்டில் விழுந்து உருண்டு ஓடியது. சாட்டையை, அதாவது பம்பரத்தில் சுற்றும் கயிற்றைப் பார்த்ததும் காரணம் புரிந்தது: சுற்றின் மேல் சுற்று ஏறியிருந்தது.

முதல் தவறே அதுதான். ஆணியிலிருந்து தொடங்கி, கயிறு ஒன்றை ஒன்று ஒட்டி மேலே ஏற வேண்டும். தளர்ந்தாலோ ஏறிக்கொண்டாலோ வீசும்போது கயிறு நடுவில் சிக்கும். சாட்டையின் மறுமுனையில் முடிச்சு போட்டு விரலிடுக்கில் பிடிக்க வேண்டும். நாங்கள் சோடா மூடியைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டுக் கோத்துக்கொள்வோம்; அப்போது கை நழுவாது.

அடுத்தது, பலம் போட்டு எறிவது. பம்பரத்தைச் சுற்ற வைப்பது எறியும் வேகம் மட்டுமல்ல, கயிறு பிரியும்போது கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கும் இழுப்பும்தான். கடற்கரை மணலில் பழக்காதீர்கள், ஆணி புதைந்துவிடும். கெட்டியான மண் தரைதான் சரி.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. பம்பரம் என்றால் யாருடையது அதிக நேரம் சுற்றுகிறது என்ற போட்டி என்றே இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். விளையாட்டே அபீட்டில்தான் இருக்கிறது! அபீட் எடுப்பதென்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டு, சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தின் ஆணியில் சாட்டையை வளைத்துப் போட்டுச் சுண்டி, மேலே எழும்புவதைக் கையில் பிடிக்க வேண்டும். கடைசியாக எடுத்தவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதன் மேல் குத்தி வெளியே தள்ளுவார்கள். குத்துகிற பம்பரம் சுற்றாமல் படுத்துவிட்டால் அதுவும் உள்ளே. அடைபட்டது வெளியே வந்ததும் மறுபடி எல்லோரும் அபீட் எடுக்க ஓட வேண்டும். இதை விட்டுவிட்டால் பையன்களுக்கு இரண்டு நாளில் சலித்துப்போகும்.

அப்புறம், குத்தும்போது எதிரில் யாரும் நிற்கக் கூடாது. குனிந்து பம்பரம் எடுப்பவன் விலகும்வரை அடுத்தவன் வீசக் கூடாது. வெறும் காலோடு வட்டத்தின் ஓரம் நிற்க விடாதீர்கள். ஆணி பாதத்தில் இறங்கினால் தாங்காது.

ஆக்கர் விழுந்த, அதாவது ஆணி குத்திக் குழியான பம்பரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நாலு குழி இருந்தாலும் நன்றாகவே சுற்றும். மரத்தில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள், அடுத்த குத்தில் சிராய் தெறிக்கும்.