தாத்தாவின் புத்தக பீரோவைப் பிரிப்பது எப்படி

பெரியவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, வீட்டை வெள்ளையடித்து வாடகைக்கு விடலாம் என்று முடிவானதும் எனக்குப் போன் வரும். "அப்பா சேத்து வெச்ச புஸ்தகம் ரெண்டு பீரோ இருக்கு சார், என்ன பண்றதுன்னே தெரியலை." பழைய பேப்பர்காரர் அதற்குள் ஒரு நடை வந்து கண்ணாலேயே எடை போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் கும்பகோணத்தில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். பக்கத்தைப் படம் பிடித்து அச்சடிக்கும் ஆப்செட் வந்து ஈய எழுத்துக்கு வேலையில்லாமல் போனபிறகு பழைய புத்தகம் வாங்கி விற்கிறேன். போகிற வீட்டிலெல்லாம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இலக்கியம் தனி, ஆன்மிகம் தனி என்று பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காலத்து மனிதரின் பீரோவில் தொல்காப்பிய உரைக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் புத்தகம் இருக்கும், தேவாரத்தை ஒட்டிச் சோழர் வரலாறு இருக்கும். ஒவ்வொரு தட்டையும் அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் இரண்டு பாகம் வேறு வேறு அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கும். கலைத்துவிட்டால் அந்த ஜோடியைச் சேர்ப்பது பெரும்பாடு. எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்கக் கூடாது, பிய்த்துக்கொண்டு வரும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை இடுப்பைப் பிடித்து எடுங்கள். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, காற்றோட்டமாகப் பரப்புங்கள். வெயிலில் காயப்போடுவது வேண்டாம். ஏற்கெனவே மொறுமொறுத்துப்போன காகிதம் அப்பளமாகிவிடும்.

அடுத்து வயசு பார்ப்பது. இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் பாதிப் புத்தகங்களில் ஆண்டே நேராக இருக்காது. தலைப்புப் பக்கத்தில் ௧௮௯௪ என்று தமிழ் எண்ணில் இருந்தால் அது 1894. இன்னும் பழைய முறையில் ௲௮௱௯௰௪ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளோடு இருந்தாலும் அதே ஆண்டுதான். "விசுவாவசு வருஷம் ஆனி மாதம்" என்று மட்டும் இருந்தால்? அறுபது வருஷச் சுழற்சியில் விசுவாவசு 1905, 1965, 2025 மூன்றிலும் வரும். அப்போது விலையைப் பாருங்கள். "ரூ. 1-8-0" என்று மூன்று எண் இருந்தால் ஒன்றரை ரூபாய்; ரூபாய், அணா, பை என்ற பழைய கணக்கு, ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் முதல் தேதியோடு அணாக் கணக்கு போய்விட்டது. ஆகவே உங்கள் கையில் இருப்பது 1905. "ந.பை.", அதாவது நயா பைசா, என்று போட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவே.

விலையும் இல்லையா, விலாசத்துக்குப் போங்கள். "சென்னை-5" என்று மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த ஆகஸ்டில்தான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. "சென்னை ராஜ்யம்" என்றிருந்தால் 1969க்கு முன். எழுத்தும் சாட்சி சொல்லும். ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்திருந்தால் பழைய எழுத்து. அரசு எழுத்தைச் சீர்திருத்தியது 1978ல். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்: புது எழுத்து வார்ப்பிக்கக் காசில்லாத சின்ன அச்சகங்கள் அதற்குப் பிறகும் பழைய எழுத்திலேயே ஓட்டின. நானே கோத்திருக்கிறேன்.

பழைய பதிப்பை அப்படியே படம் பிடித்து ஆப்செட்டில் போட்ட மறுபதிப்பும் ஆளை ஏமாற்றும். பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். ஈய எழுத்து அழுந்திய தாளில் வரிவரியாகப் புடைப்பு தட்டும். ஆப்செட் தாள் வழவழ என்றிருக்கும், உடைந்த எழுத்துகூட அதில் உடைந்தபடியே படமாக நிற்கும்.

பக்கம் குறைகிறதா என்று பார்க்க எல்லாத் தாளையும் எண்ண வேண்டாம். எட்டுப் பக்கத்துக்கோ பதினாறு பக்கத்துக்கோ ஒரு முறை, அடியில் இடது ஓரமாக ஒரு குட்டி எண் இருக்கும். அதுதான் பாரத்தின் எண்; ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடித்த பக்கங்களின் கட்டுதான் பாரம். அந்த எண்கள் விடாமல் வந்தால் நடுவே முழுப் பாரம் எதுவும் போகவில்லை; ஒற்றைத் தாள் கிழிந்து போயிருந்தால் இதில் தெரியாது. முன்னாலும் பின்னாலும் மட்டும் தனியாகப் பாருங்கள். நூலைப் புகழ்ந்து பிறர் பாடிய சாற்றுகவி, முன்பணம் கொடுத்த கையொப்பக்காரர் பட்டியல், கடைசி அட்டைப் புத்தக விளம்பரம் எல்லாம் இருக்கிறதா? ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: எதற்கு மதிப்பு? நீங்கள் நினைக்கிற தடிப் புத்தகத்துக்கு அநேகமாக இல்லை. தங்க எழுத்து போட்ட கீதையும் இராமாயணமும் வீட்டுக்கு வீடு பூஜை அறையில் பத்திரமாக இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் அருமையான நூல்கள்தான், ஆனால் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உ.வே.சா.வின் புறநானூறு 1894ஆம் ஆண்டு முதல் பதிப்பாக இருந்தால் பட்டுத்துணியில் சுற்றுங்கள். பிற்காலப் பதிப்பென்றால் படிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேடுவது பீரோவின் அடித்தட்டில் நசுங்கிக் கிடக்கும். கடைத்தெருவில் மலிவாக விற்ற குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், தையல் கற்பிக்கும் நூல், விவசாயத் துண்டுப் பிரசுரம், உள்ளூர் கோயில் தலபுராணம், ஜாதிச் சங்க மாநாட்டு மலர். மலிவாக அடித்தார்கள், வேலை முடிந்ததும் அடுப்பில் போட்டார்கள், அதனால்தான் இன்று கிடைப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்தவர். அந்தச் சேகரிப்புதான் 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. மாஸ்கோவிலிருந்து மீர் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய அறிவியல் நூல்களுக்கும் இன்று தனி ரசிகர் கூட்டம் உண்டு.

வைணவக் குடும்பமா? தெலுங்கு எழுத்தில் இருக்கிறது, நமக்கென்ன என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். ஆழ்வார் பாசுர வியாக்கியானங்கள் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில், தெலுங்கு லிபியில் சென்னையில் நிறைய அச்சாகியிருக்கின்றன. உள்ளே இருப்பது நம் பாசுரம். மலையாளம் போலத் தெரிவது, தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தாக இருக்கலாம். சித்த வைத்திய நூல் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் பாஷாணம் (விஷச் சரக்கு), ரசம் (பாதரசம்) என்று வருகிற மருந்தை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

செய்யக் கூடாதது சில. செலோடேப் ஒட்டவே கூடாது, பழுத்துப் பிசுக்காகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு போகும். ஓரக் குறிப்புகளை அழிக்காதீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஓடினால் அந்தப் புத்தகத்தைத் தனியே வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மடிப்பாகத் தட்டுங்கள். பீரோ மூலையில் வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள், மழைக்காலம் கழிந்ததும் மாற்றுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் வருவது சுவர் வழியாகத்தான்.

கொடுப்பதென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், புதுக்கோட்டையில் ஞானாலயா, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் என்று இடங்கள் இருக்கின்றன. மூட்டை கட்டிக்கொண்டு நேரே போய் நிற்காமல் பட்டியலை முதலில் அனுப்புங்கள். அவர்களிடம் இல்லாததைத்தான் கேட்பார்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பித்தவர், அச்சகம், ஆண்டு, பக்கம், இவ்வளவு போதும்.

விற்பதென்றால் என்னைப் போன்றவனிடம் "மொத்தமா ஒரு ரேட்டு சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தமாகப் பேசும் வியாபாரி அந்த அடித்தட்டை ஏற்கெனவே பார்த்திருப்பான். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுங்கள். எதைக் கையில் வாங்கியதும் முதலில் பின் அட்டையைத் திருப்புகிறானோ, அதை அன்றைக்கு விற்காதீர்கள்.