ஒரு கோடு சிக்னலில் மின்னஞ்சல்

தலவாக்கலையில் மழை இறங்கினால் எங்கள் வீட்டுக்கு ஒரு கோடு சிக்னல்தான் மிஞ்சும். பிரவுசரில் ஜிமெயில் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்தில், டெர்மினலில், அதாவது எழுத்துக் கட்டளைத் திரையில், ஓடும் ‘மட்’ (mutt) என்ற மின்னஞ்சல் நிரல் கடிதத்தைத் திறந்துவிடும். 1995இலிருந்து இருக்கும் மென்பொருள். உபுண்டு லினக்ஸில் ஆப்ட் (apt) கட்டளை மூலம் நிறுவலாம்.

ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, மட் போன்ற வெளி நிரல்களுக்கென கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுங்கள். ஹோம் போல்டரில், புள்ளியில் தொடங்கும் ‘மட்ஆர்சி’ (.muttrc) அமைப்புக் கோப்பில் அதையும் முகவரியையும் எழுதுங்கள். வாசிக்க ஐமேப், போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி, போர்ட் 587. கணினியைப் பலர் பாவித்தால், கோப்பின் அனுமதியை 600 (நீங்கள் மட்டும் வாசிக்க, எழுத) ஆக்குவது கட்டாயம்.

அதே கோப்பில், இறங்கிய தலைப்புகளைச் சேமித்துவைக்கும் ஹெடர் கேஷ் (header_cache) வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கடிதங்களின் தலைப்பும் இறங்கும். இருந்தால் புதியவை மட்டும். நம்ம சிக்னலுக்கு உயிரே அதுதான்.

சரி, இனி விசைகள். என்டர் திறக்கும், ஆர் பதில், எம் புதிய கடிதம். எல்லாமே சிறிய எழுத்து. தமிழில் எழுதும்போது கொம்பும் காலும் திரையில் விலகித் தெரியலாம். யுனிகோட் என்பதால் பெறுபவருக்குச் சரியாகவே போகும். எழுதிச் சேமித்து எடிட்டரை மூடியதும் ஏ தட்டி, தங்கச்சியின் வேலை விண்ணப்பத்தை இணையுங்கள். ஒய் தட்டினால் போய்விடும். இடையில் சிக்னல் அறுந்தால் கியூ தட்டி, ஒத்திவைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எம் தட்டும்போது, அதை எடுக்கவா என்று மட்டே கேட்கும்.