எமிலியா ஏன் வாய் திறக்கவில்லை? நாடகக் கட்டுரைக்குத் திட்டம் போடும் விதம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குச் சனிக்கிழமை காலையில் நாலைந்து மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகள் வருவார்கள். ஆங்கில இரண்டாம் தாள், அதாவது இலக்கியத் தாள், அதிலும் நாடகப் பகுதிதான் அவர்களைப் படுத்துகிறது. முதல் நாள் நான் கொடுப்பது ஒரே வேலை: ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் வரும் பணிப்பெண் எமிலியாவைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். எல்லார் தாளிலும் ஏறக்குறைய ஒரே வரிதான் வரும். எமிலியா விசுவாசமானவள், விவரம் தெரிந்தவள், தைரியசாலி. எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தப் பத்தியில் மேடை இல்லை. ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அதில் எங்கேயும் இல்லை.

குணத்தை ஒரு பக்கமும் பதற்றத்தை இன்னொரு பக்கமும் பிரித்துப் படிப்பதால் வருகிற கோளாறு இது. நாடகத்தில் ஒருவரின் குணம் தெரிவதே அவர் நெருக்கடியில் மாட்டும்போதுதான். அதனால் கட்டுரைக்குத் திட்டம் போடும்போது குணங்களை வரிசைப்படுத்தாதீர்கள். பேச முடிந்தவர் பேசாமல் நிற்கிற இடம் எது என்று முதலில் தேடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, என் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம் கற்றேன். அவர் மவுண்ட் எட்ஜ்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பற்றி நிறையச் சொல்வார். துகிலுரிதல் ஆடும் இரவில் சின்னப் பிள்ளைகூடத் தூங்காதாம். கண்ணன் சேலை தருவான் என்பது எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன பயம் என்று கேட்டேன். “அவ சபையில நியாயம் கேக்குறா. பெரியவங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இந்த வருஷமாவது பீஷ்மர் வாயத் திறப்பாரான்னு பார்ப்போம்” என்றார். முடிவு தெரிந்த கதையிலும் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது ‘ஒதெல்லோ’ மூன்றாம் அங்கம், நான்காம் காட்சிக்கு வாருங்கள். ஒதெல்லோ ஒரு கறுப்பினத் தளபதி; டெஸ்டிமோனா அவனுடைய வெள்ளைக்கார மனைவி, எமிலியாவின் எஜமானி. அவளுக்கும் காசியோ என்ற அதிகாரிக்கும் கள்ளத்தொடர்பு என்று இயாகோ ஒதெல்லோவை நம்பவைக்கிறான்; ஒதெல்லோ அவளுக்குக் கொடுத்த கைக்குட்டைதான் அவன் காட்டும் ஆதாரம். கைக்குட்டையை எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா எமிலியாவிடம் கேட்கிறாள். முந்தின காட்சியில்தான் எமிலியா அதைத் தரையிலிருந்து எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தாள். ஆனாலும் தெரியாது என்கிறாள். பிறகு ஒதெல்லோ வருகிறான். அது தன் தாய்க்கு ஒரு எகிப்தியப் பெண் கொடுத்தது, அதில் மந்திரம் இருக்கிறது என்று மிரட்டுகிறான். டெஸ்டிமோனா பயந்துபோய்த் தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள்; பேச்சை மாற்ற நினைத்து, பதவி இழந்த காசியோவுக்காக மன்றாடுகிறாள். அவள் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல அவன் கைக்குட்டை, கைக்குட்டை என்றே கத்துகிறான். இவ்வளவு நேரமும் எமிலியா மேடையில்தான் நிற்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் நின்றுவிடும். அவள் சொல்லவில்லை.

பிள்ளைகள் நாடகத்தை நாவல் மாதிரி படிப்பதால், வசனம் இல்லாதவர் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். அதற்கு நான் கண்ட வழி, எழுந்து நின்று நடித்துப் பார்ப்பது. போன வருடம் எமிலியாவாக நின்ற பெண், ஒதெல்லோவாக நின்ற பையன் குரலை உயர்த்தியதும் தன் வெறுங்கையைத் தாவணிக்குள் மறைப்பதுபோல் பின்னால் கொண்டுபோனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “ஏன்மா கையை ஒளிச்சே?” என்றேன். “எடுத்தது நான்தானே ஆன்ட்டி” என்றாள். அவளுடைய கட்டுரை அந்த நிமிடமே பிறந்துவிட்டது.

சரி, நேரக் கணக்கு. ஆங்கிலத்தை ஹோம் லாங்குவேஜாக, அதாவது முதல் மொழியாக எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 80 மதிப்பெண். நாடகத்துக்கு 25. அப்படியானால் 45 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். அதில் பத்து நிமிடம் திட்டத்துக்கு, முப்பது எழுதுவதற்கு, மிச்சம் திருத்துவதற்கு. கட்டுரை 400 முதல் 450 சொற்கள்தான். 25-இல் 15 உள்ளடக்கத்துக்கு, 10 அமைப்புக்கும் மொழிக்கும். பத்து நிமிடத்தைத் திட்டத்துக்குக் கொடுக்கப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுத ஆரம்பித்துவிட்டால் கை துடிக்கத்தான் செய்யும். ஆனாலும் பொறுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் கேள்விக்கு. பெரும்பாலும் ஒரு கருத்தைச் சொல்லி, அதை எந்த அளவுக்கு ஏற்கிறாய் என்று கேட்பார்கள். ‘எந்த அளவுக்கு’ என்பதன் கீழே கோடு போடுங்கள். அதை மறந்துவிட்டுக் கதை சொன்னவர்கள்தான் நிறையப் பேர். உடனே உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “எமிலியா விசுவாசமானவள்” என்பது பதில் ஆகாது. “எமிலியாவின் விசுவாசம் கணவனுக்கா எஜமானிக்கா என்ற இழுபறிதான் பார்வையாளரைத் தவிக்க வைக்கிறது” என்பது பதில், ஏனென்றால் இதில் குணமும் பதற்றமும் ஒரே முடிச்சில் இருக்கின்றன.

அடுத்து மூன்று தருணங்கள். மூன்றே போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னக் குறிப்பு: அந்த நேரத்தில் யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது தெரியாது, காட்சி முடியும்போது எது திரும்ப முடியாமல் போய்விட்டது. இரண்டாவது குறிப்புதான் உயிர். இயாகோ தன் திட்டத்தைத் தனிமொழியில் நம்மிடம் சொல்லிவிடுகிறான். அதனால் மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அந்த இடைவெளியைச் சொல்லாத பத்தி, எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் இருந்தாலும், பதற்றத்தைப் பற்றியது அல்ல.

மேற்கோள் முழுவதும் மனப்பாடமாக வேண்டாம். தருணத்துக்கு நாலு சொல் போதும். யார் உள்ளே வருகிறார், கையில் என்ன இருக்கிறது, யார் பேசாமல் நிற்கிறார் என்பதும் ஆதாரம்தான்.

வரலாற்றைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 1987-இல் ஜோஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் ஜேனட் சுஸ்மான் இயக்கத்தில் ஜான் கானி என்ற கறுப்பின நடிகர் ஒதெல்லோவாக நடித்தார். வெள்ளையரும் மற்றவர்களும் மணந்துகொள்ளக் கூடாது என்ற கலப்புத் திருமணத் தடைச் சட்டம் நீங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த அரங்கம் ஒரு காலத்தில் இந்தியர்களின் பழச்சந்தை. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நான் ஆசையோடு சொல்வேன், நாடகம் நம் ஊருடையதும்தான் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். ஆனால் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். மதிப்பெண் நாடகப் பிரதியைப் பற்றி எழுதுவதற்குத்தான்.

எமிலியாவின் மௌனம்தான் அழிவுக்குக் காரணம், இதை எந்த அளவுக்கு ஏற்கிறாய் என்ற கேள்விக்கு, கையை ஒளித்த அந்தப் பெண் கடைசிச் சனிக்கிழமை போட்ட திட்டம் இது, அவள் எழுதியபடியே தமிழில் தருகிறேன் (3.3 என்றால் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி):

“பதில்: பெரிய அளவுக்கு ஏற்கிறேன். எமிலியா கெட்டவள் இல்லை, தாமதமானவள். ஒன்று, 3.3: கணவனைச் சந்தோஷப்படுத்தக் கைக்குட்டையைக் கொடுக்கிறாள், எதற்கென்று தெரியாது. இரண்டு, 3.4: ‘தெரியாது’ என்கிறாள், ஒதெல்லோ கத்தும்போதும் நிற்கிறாள், நமக்கு எல்லாம் தெரியும். மூன்று, 5.2: இயாகோ அடக்கியும் பேசுகிறாள், டெஸ்டிமோனா இறந்தாயிற்று, பேசியதற்காக இவளும் சாகிறாள். ஆனால்: இயாகோ இல்லாமல் இந்த மௌனத்துக்கு விஷம் ஏறாது.”

ஏழு நிமிடம் ஆகியிருந்தது. திட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.